அம்மா வண்டி அடுப்பு

அண்ணே, அந்த வெள்ளை கேரவன் உங்களுதா? இப்ப கமலவேணி அம்மா ஏறினாங்களே, அதைத் தான் கேக்கறேன். அப்படியா, சந்தோஷம். நம்ம வண்டி அதோ, கடைசியில சவுக்கு மரத்துக்கிட்ட நிக்குதே, நீலக் கோடு போட்டது. பேரு ஏகாம்பரம். கொஞ்சம் உக்காரலாமா? உள்ள அடுத்த ஷாட்டுக்கு லைட்டு மாத்தறாங்க. சாப்பாட்டு பிரேக் வரைக்கும் உங்களை எவனும் தேட மாட்டான். என்னை எப்பவுமே தேட மாட்டான், அது வேற விஷயம்.

காலையில அம்மாவைப் பார்த்தேன். வணக்கம் வெச்சேன். 'நல்லா இருக்கியா ஏகாம்பரம்'னு கேட்டாங்க. பேரு மறக்கல பாருங்க. ஆனா நிக்கல. நேரா வந்து உங்க வண்டியில ஏறிட்டாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உங்க மேல கோவம்னு நெனச்சுக்காதீங்க, நீங்க என்ன பண்ணுவீங்க. வருஷக்கணக்கா எந்தப் படம்னாலும் 'ஏகாம்பரம் வண்டிய அனுப்பு'ன்னு சொன்னவங்க அவங்க. எங்க கம்பெனியில என் வண்டிக்கு நம்பரே சொல்ல மாட்டாங்க, 'அம்மா வண்டி'ம்பாங்க. டீக்கடையில என்னையே அம்மா வண்டின்னு கூப்பிடுவாங்க. அம்மா வண்டி, ரெண்டு டீயா ஒரு டீயான்னு.

இப்ப என் வண்டியில யாரு தெரியுமா? ஹீரோவோட பிரெண்ட்ஸா நடிக்கிற பசங்க. ஆறு பேரு, ஏழு பேரு, எண்ணினதில்ல. ஏறுவாங்க, ஏசியப் போடுவாங்க, ஆளுக்கு ஒரு போனை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்துடுவாங்க. ஒருத்தனுக்கும் என் பேரு தெரியாது. 'டிரைவர், கதவு'ம்பானுங்க. கதவு தான் என் பேரு இப்ப.

நான் என்ன தப்பு பண்ணேன்னு இன்னிக்கி வரைக்கும் புரியலண்ணே. உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா? என்னைப் பத்தி? இல்லயா. சரி. நான் நடந்ததை அப்படியே சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. தப்பு என் மேலன்னா சொல்லிடுங்க, போய் கால்ல விழுந்துட்டு வரேன். எனக்கு வேண்டியது ஒண்ணு தான், மறுபடி அம்மா என் வண்டியில ஏறணும்.

கொடைக்கானல்ல நடந்தது. பூம்பாறை தாண்டி மேல ஒரு பழைய எஸ்டேட் பங்களா, அதுல தான் படம் பூரா. மார்கழிக் குளிரு. யூனிட் தங்கறது கீழ, டவுன்ல ஒரு லாட்ஜ். தினம் காலையில மலை ஏறணும், சாயந்திரம் இறங்கணும். நடுவுல பாரஸ்ட் செக்போஸ்ட் ஒண்ணு. இந்த செக்போஸ்ட் தான் எல்லாத்துக்கும் ஆரம்பம், ஞாபகம் வெச்சுக்கங்க.

அந்தப் படத்துல லைவ் சவுண்டு. நடிக்கும்போதே குரலையும் பதிவு பண்றாங்களாம். அதனால ஜெனரேட்டர் பக்கத்துலயே வரக் கூடாது, எங்கயோ பள்ளத்துல கொண்டு போய் நிறுத்திட்டாங்க. வண்டியில கரண்டு கிடையாது. கெட்டில் கிடையாது, ஹீட்டர் கிடையாது. அம்மாவுக்கோ தொண்டை. வெந்நீர் இல்லாம ஒரு வசனம் வராது. யூனிட் சாப்பாடும் அவங்க வயித்துக்கு ஆகாது, சீரகம் போட்ட அரிசிக் கஞ்சி தான். அதை நான் தான் வெச்சுக் குடுப்பேன். நல்ல வேளையா நம்ம வண்டியில அப்ப காஸ் அடுப்பு இருந்துச்சு. ஒத்தை பர்னர், அஞ்சு கிலோ குட்டி சிலிண்டர்.

அந்த அடுப்பு ரெண்டே நாள்ல படுத்துடுச்சு. நீலமா நின்னு எரிஞ்சது, மஞ்சளாச்சு, அப்புறம் அகல் விளக்கு அளவுக்கு வந்துடுச்சு. அதுல எங்க கஞ்சி வேகும்? காஸ் தீந்துடுச்சோன்னு சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தா கனமா இருக்கு. பர்னரைக் கழட்டி ஊதினேன், ஒண்ணும் இல்ல. சரின்னு ரெகுலேட்டர்ல டியூபைக் கழட்டினேன். உள்ளேர்ந்து மஞ்சளா, பிசுபிசுன்னு எண்ணெய் வழியுது. நல்லெண்ணெய் டின்னுல அடியில தங்குமே கசடு, அந்த மாதிரி. நாத்தம்னா நாத்தம், மூக்கை வெச்சுக்க முடியல.

அந்த நாத்தத்துக்கு அம்மா வண்டியை விட்டு இறங்கி வந்தாங்க. ஸ்வெட்டரு, காதை மூடி ஒரு குல்லா. என்னடா இது, அம்மா திட்டப் போறாங்கன்னு பயந்துட்டேன். 'என்னப்பா அது'ன்னாங்க. அடைச்சுக்கிச்சும்மான்னேன். ஒரு பிளாஸ்டிக் சேரை அவங்களே இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. 'நான் எதையாவது பிடிக்கட்டுமா'ன்னு கேட்டு, டியூபோட ஒரு முனையை வாங்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. எவ்வளவு பெரிய நடிகை. நம்ம ஊர்ல எவன் ஹீரோவானாலும் அவனுக்கு அம்மாவா அழறது அவங்க தானே. அந்தக் கையில ரப்பர் டியூபு.

அந்த வேலை சட்டுன்னு முடியாதுண்ணே. டியூபைத் தொங்க விட்டு எண்ணெய் பூரா வடியணும். ரெகுலேட்டரை வாய் கீழ இருக்கற மாதிரி வெயில்ல வெக்கணும், துணி வெச்சுத் துடைக்கணும், அப்புறம் மாட்டி, சோப்பு நுரை தடவி கசியுதான்னு பாக்கணும். மலையில வெயிலு எங்க இருக்கு? மேகம் வரும் போகும். அதுவரைக்கும் அம்மா அங்கயே உக்காந்து பேசிக்கிட்டு இருந்தாங்க. உள்ள போய் படுங்கம்மா, குளிருதுன்னு சொல்றேன், போகல.

மாட்டினதும் ஜம்முன்னு எரிஞ்சுது. நாலு நாள் தாங்கல, மறுபடி அடைச்சுக்கிச்சு. மறுபடி அம்மா சேரைப் போட்டு உக்காந்துட்டாங்க. இப்படியே ஓடுச்சு. நான் டவுனுக்குப் போனப்ப மூஞ்சிக்கல்ங்கற இடத்துல ஸ்டவ் ரிப்பேர் கடை ஒண்ணு, காதர் பாய்னு ஒருத்தரு, அவர்கிட்ட காட்டினேன். அவர் ரெகுலேட்டரை மோந்து பார்த்தாரு. 'இது எண்ணெய் குடிச்சிருக்கு, இனி சரி வராது, தூக்கிப் போடு'ன்னாரு. காஸோட கொஞ்சம் எண்ணெய்ப் பசை வருமாம், ரப்பர் டியூப்லேர்ந்தும் ஊறி வருமாம். ரெகுலேட்டர் சிலிண்டர் வாய்க்கு மேல இருந்தா அது திரும்ப சிலிண்டருக்குள்ளயே வழிஞ்சுடும். நம்ம வண்டிக்கு பாடி கட்டின மகராசன் ரெகுலேட்டரைக் கீழ, தரையோட ஒட்டி ஸ்குரூ போட்டு வெச்சிருக்கான். எண்ணெய் வேற எங்க போகும்?

அதோட ஒண்ணு கேட்டாரு. 'சிலிண்டரைப் படுக்க வெக்கறியா'ன்னு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஏன்னா தினம் படுக்க வெக்கறேன். செக்போஸ்ட்ல காஸ் சிலிண்டர் ஏத்தக் கூடாதுன்னு சட்டம். அதனால அம்மா சாயற கட்டிலுக்குக் கீழ அதைப் படுக்கப் போட்டு, மேல பெட்ஷீட்டைத் தொங்க விட்டுடுவேன். அவசரத்துல வால்வைக் கூட மூடறதில்ல. 'அப்படிப் படுக்க வெச்சா காஸே தண்ணியா ஓடி வந்து, இருக்கற எண்ணெயை எல்லாம் இழுத்துக்கிட்டு வந்து சேரும்பா, ஆபத்து வேற'ன்னு பாய் தலையில அடிச்சுக்கிட்டாரு.

இதை அன்னிக்கே அம்மாகிட்ட சொன்னேன். படுக்க வெக்கறதுனால தான்மா அடைக்குதாம்னு. அம்மா எதையும் டக்குன்னு பிடிச்சுக்குவாங்க, அந்த விஷயத்துல கெட்டி. 'அப்படியா? படுக்க வெச்சாலே அடைச்சுக்குமா? வால்வும் தொறந்திருக்கணுமா?'ன்னு ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டாங்க. ஆமாம்மா, புதுசு ஒண்ணு வாங்கி மேல மாட்டிடறேன், கம்பெனியில சொல்லிக்கலாம்னேன். 'வேணாம் வேணாம். புதுசெல்லாம் எதுக்கு? இதையே கழட்டித் துடைச்சு மாட்டு'ன்னுட்டாங்க. பெரிய இடத்துல இருக்கறவங்களுக்கே இந்தக் குணம் உண்டுண்ணே. யாரோ வாங்கித் தரப் போறான், இவங்களுக்கு மனசு வராது. அந்தக் காலத்து ஆளு, சிக்கனம்.

சரி, படுக்க வெக்காம இருந்தா போதும்னு நான் ஒரு வழி பண்ணேன். சிலிண்டரை மூலையில நிமித்தி வெச்சு, கயித்தால கம்பியோட கட்டி, அம்மாவோட புடவை பெட்டியை முன்னால வெச்சு மறைச்சுட்டேன். வால்வை இறுக்க மூடினேன். செக்போஸ்ட்ல அம்மா ஜன்னல் வழியா முகத்தைக் காட்டினா போதும், பாரஸ்ட் கார்டு சல்யூட் அடிச்சு போட்டோ எடுத்துக்கிட்டு விட்டுடுவான். அம்மா எப்பவும் வண்டியிலயே தான் வருவாங்க. படக் கம்பெனி கார் அனுப்பும், திருப்பி அனுப்பிடுவாங்க. கார்ல வந்தா இடுப்பு வலிக்குதாம்.

மேல போய் கதவைத் தொறந்து பார்த்தா, சிலிண்டர் படுத்துக் கிடக்கு. கயிறு அவிழ்ந்து கிடக்கு. வால்வும் தொறந்திருக்கு. மலை ரோடுன்னா அப்படித் தான், கொண்டை ஊசி வளைவுல வண்டி தூக்கிப் போடுதுல்ல? முடிச்சை மாத்திப் போட்டேன். லாரியில லோடு கட்டற முடிச்சு, சின்ன வயசுல கத்துக்கிட்டது, யானை இழுத்தாலும் வராது. மறுநாளும் அவிழ்ந்து கிடக்கு.

எனக்கு அப்ப தான் சந்தேகம் வந்துச்சு, இது தீனதயாளன் வேலைன்னு. காஸ்ட்யூம் அசிஸ்டெண்ட். அவனுக்கும் எனக்கும் இஸ்திரிப் பெட்டி வெக்கற இடத்துல ஒரு தகராறு உண்டு. நடுவுல ஏறுவான், நடுவுல இறங்குவான். நான் போய் அவன் சட்டையைப் பிடிச்சுட்டேன். சாமி சத்தியமா இல்லண்ணேன்னு அழறான். அம்மா தான் வந்து விலக்கி விட்டாங்க. 'அவனை விடு ஏகாம்பரம், அவன் பண்ணல'ன்னு. அவ்வளவு இரக்கம் அவங்களுக்கு. அப்புறம் ஒரு நாள் தீனதயாளன் காய்ச்சல்னு லாட்ஜ்லயே படுத்துட்டான். அன்னிக்கும் சிலிண்டர் சாஞ்சு தான் கிடந்துச்சு. நான் என்ன விட்டுடுவேனா? முந்தின நாளே கயித்தை லூசா பண்ணி வெச்சுட்டுப் போயிருக்கான்னு கண்டுபிடிச்சுட்டேன். பயங்கரமான ஆளு.

ஆக, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அடைப்பு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை நானும் அம்மாவும் வெளிய உக்காந்திருப்போம். ஸ்பேனரை அவங்க தான் எடுத்துக் குடுப்பாங்க. எது எத்தனாம் நம்பர்னு எல்லாம் பழகிட்டாங்க.

என்னத்த பேசுவாங்கன்னு கேக்கறீங்களா? பெருசா ஒண்ணுமில்ல. 'உனக்கு எத்தனை பசங்க'ம்பாங்க. ஒரே பொண்ணும்மா, கட்டிக் குடுத்துட்டேன்னு சொல்லுவேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி 'உனக்கு எத்தனை பசங்க'ம்பாங்க. வயசாயிடுச்சுல்ல, மறந்துடறாங்க. வீட்டுக்காரி எங்கன்னு கேப்பாங்க. வாலாஜாபாத்ல இருக்கா, நான் வண்டியிலயே தங்கிக்கறேன்னு சொன்னேன். மாசத்துக்கு ஒரு தடவை போவேன், போனா அவ டிவி பாப்பா, நான் தூங்குவேன்னு சொன்னேன். 'போன்லயாவது பேசேன்'னாங்க. பேசறதுக்கு என்னம்மா இருக்குன்னேன். 'இப்ப என்கிட்ட இவ்வளவு பேசறியே, இதையே பேசு'ன்னாங்க. அது எப்படி முடியும் சொல்லுங்க.

அவங்க வீட்டைப் பத்தி சொல்லுவாங்க. தனியா தான் இருக்காங்க. கல்யாணம் நின்னு போச்சாம், அப்புறம் பண்ணிக்கல. படத்துல இருக்கற மாதிரி பசங்க நெஜத்துல ஒண்ணும் கிடையாது. அக்கா பையன் ஒருத்தன் வருவானாம், அவசரமா வந்து அவசரமா போவானாம். வீட்ல சமைக்கறப்ப ரேடியோவைப் போட்டு விட்டுடுவாங்களாம், பாட்டு வந்தா மாத்திட்டு பேச்சு வர்ற ஸ்டேஷனா வெப்பாங்களாம். பாட்டை விட பேச்சு மேல தான் அவங்களுக்கு இஷ்டம். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு ரசனை.

ஒரு நாள் குளிர் தாங்கல. எண்ணெய் உறைஞ்சு போய் வடியவே இல்ல. அம்மா குல்லாவைக் கழட்டி என் தலையில மாட்டி விட்டாங்க. 'எனக்கு வேணாம், நான் சும்மா உக்காந்திருக்கேன், நீ தானே வேலை செய்யறே'ன்னாங்க. அவங்க நரைச்ச முடி காத்துல பறக்குது. டோப்பா வெக்காம அவங்களை நான் அன்னிக்குத் தான் பார்த்தேன். ஒண்ணு சொல்லவா அண்ணே, சிரிக்கக் கூடாது. அந்த மலையில எனக்கு நல்லா இருந்துச்சு. வேலை அதிகம், கையெல்லாம் நாத்தம், குளிரு, ஆனாலும் நல்லா இருந்துச்சு. ஏன்னு இன்னிக்கும் தெரியல. அந்த ஊரு தண்ணி அப்படி இருக்கும்.

ஆனா வேலைன்னு ஒண்ணு இருக்கே. அசிஸ்டெண்ட் டைரக்டரு ஓடி வருவான், 'அம்மா, ஷாட் ரெடி'ம்பான். அம்மா நகர மாட்டாங்க. 'அடுப்பு சரியாகட்டும்பா. சூடா ரெண்டு வாய் குடிச்சா தான் குரல் வரும்'பாங்க. அவன் என்னை முறைப்பான். ஒரு நாள் வெளிச்சம் போயிடுச்சு, ஒரு சீனு அப்படியே நின்னு போச்சு. புரொடக்‌ஷன் மேனேஜர் என்னை ஓரமா கூட்டிக்கிட்டுப் போய் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டான். 'இன்னொரு தடவை உன் அடுப்பால ஷூட்டிங் நின்னா வண்டியை சென்னைக்குத் திருப்பி அனுப்பிடுவேன், அம்மாவுக்கு வேற வண்டி'ன்னுட்டான்.

வேற வண்டியா? அம்மா இல்லாம நான் எந்த வண்டி? அன்னிக்கு முடிவு பண்ணேன். மதுரைக்குப் போற ஆளுகிட்ட சொல்லி, இரும்புக் கம்பியில பின்னின டியூப் ஒண்ணு, ரப்பர் கிடையாது, எண்ணெய் ஊறாது, அப்புறம் நல்ல ரெகுலேட்டர் ஒண்ணு, வரவழைச்சேன். அம்மாகிட்ட மூச்சு விடல. வேணாம்பாங்கல்ல. திடீர்னு பார்த்து சந்தோஷப்படட்டும்னு தான். ஷூட்டிங் இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து மாட்டினேன். ரெகுலேட்டரை சிலிண்டர் வாய்க்கு ஒரு முழம் மேல வெச்சேன். எண்ணெய் இனி ஏற முடியாது, ஏறினாலும் திரும்பி இறங்கிடும். சிலிண்டருக்கு இரும்புப் பட்டை அடிச்சு, அதுக்கு ஒரு பூட்டும் போட்டேன். தீனதயாளன் இப்ப என்ன பண்ணுவான் பாக்கறேன்னு சாவியை என் அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டேன்.

திங்கக்கிழமை காலையில அம்மா ஏறினாங்க. மேல போய் கதவைத் தொறந்தேன். கட்டில்ல உக்காந்து அந்தப் பூட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. 'இது என்ன ஏகாம்பரம்?' 'புதுசும்மா. இனி ஜென்மத்துக்கும் அடைக்காது.' அடுப்பைப் பத்த வெச்சுக் காட்டினேன். தாமரைப் பூ மாதிரி விரிஞ்சு நீலமா நிக்குது. ஒரு சொட்டு மஞ்சள் இல்ல. அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாங்க. 'நல்லா எரியுதா?' 'நல்லா எரியுதும்மா.' 'அப்ப சரி'ன்னாங்க.

அவ்வளவு தான். அன்னிக்கி கஞ்சி ரெடியானதும் கதவைத் தட்டிக் குடுத்தேன். வாங்கிக்கிட்டு கதவைச் சாத்திக்கிட்டாங்க. மறுநாளும் அப்படித் தான். நான் வெளிய சேர் போட்டு வெச்சுப் பார்த்தேன். ஸ்பேனரைத் துடைக்கிற மாதிரி உக்காந்து பார்த்தேன். ஜன்னல் திரை அசையும், ஆனா யாரும் வர மாட்டாங்க. ஷாட் ரெடின்னதும் டக்குன்னு இறங்கிப் போவாங்க. மேனேஜர் என் தோளைத் தட்டி, 'சபாஷ்யா, இப்ப தான் வேலை ஓடுது'ன்னான். மத்தபடி படம் முடியற வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கஞ்சிக் கிண்ணம் தான்.

நானும் யோசிச்சேன். சொல்லாம மாட்டினது தப்போ? செலவு பண்ணிட்டேன்னு கோவமோ? பூட்டுப் போட்டதை, நம்ம மேல சந்தேகப்படறான்னு நெனச்சுட்டாங்களோ? அது தீனதயாளனுக்குப் போட்டதும்மான்னு சொன்னேன். 'தெரியும்'னாங்க. முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அழுத மாதிரி இருந்துச்சு, ஆனா அவங்களுக்கு அழறது தொழிலுல்ல, நான் பெருசா எடுத்துக்கல.

அடுத்த படத்துக்கு வேற கம்பெனியில வண்டி கேட்டுட்டாங்க. என் முதலாளி என்னைக் கூப்பிட்டு, 'அந்த அம்மாவை என்னய்யா பண்ணே'ங்கறான். என்ன சொல்லுவேன்? அடுப்பை சரி பண்ணேன்னு சொன்னேன். அந்த ஆளு சிரிக்கிறான். அப்புறம் அந்த அடுப்பையே எடுத்துட்டான். மைக்ரோவேவ் வெச்சுட்டான். இந்தப் பசங்க அதுல பப்ஸ் சூடு பண்ணித் தின்னுட்டு பேப்பரை உள்ளயே போட்டுட்டுப் போறானுங்க. நான் தனியா தான்ணே இருக்கேன். முன்னாடியும் தனியா தான் இருந்தேன், ஆனா அப்ப அது எனக்குத் தெரியல. இப்ப சாயந்திரம் வண்டியைப் பெருக்கிட்டு உக்காந்தா தெரியுது.

இப்ப சொல்லுங்க, என் மேல என்ன தப்பு?

என்ன, உங்க வண்டியிலயும் காஸ் அடுப்பா? அம்மா கேட்டு வெக்கச் சொன்னாங்களா? பார்த்தீங்களா, கரண்டு இருந்தாலும் அவங்களுக்குக் கஞ்சி காஸ்ல வெச்சா தான் பிடிக்கும். என்ன ரெகுலேட்டர்? அடைக்குதா? அடிக்கடியா? ரப்பர் டியூபா இருக்கும், கீழ மாட்டியிருப்பீங்க. நீங்க கழட்டறப்ப அம்மா வந்து உக்காந்துக்குவாங்களா? ஆமா, ஆமா, அப்படித் தான். ஸ்பேனர் எடுத்துக் குடுப்பாங்க. கேட்டதையே கேப்பாங்க. தொந்தரவா நெனைக்காதீங்க, பதில் சொல்லுங்க. பசங்க எத்தனைன்னு கேட்டா ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரி சொல்லுங்க.

புதுசு வேணாம்ங்கறாங்களா? அதான் சொன்னேனே, சிக்கனம்.

சிலிண்டர் சாயுதா? எங்க, இங்கயா? இந்தச் சமதரையிலயா?

தானா எப்படிண்ணே சாயும்? இங்க ஏது வளைவு, ஏது மேடு? வண்டி நகரக் கூட இல்லயே. தீனதயாளனும் இந்தப் படத்துல இல்ல.

இருங்க, யோசிக்கிறேன்.

உங்க வண்டி ஒரு பக்கம் இறங்கி நிக்குதுண்ணே. இங்கேர்ந்து பார்த்தாலே தெரியுது. பின் சக்கரத்துல காத்து கம்மி, பாருங்க. அது தான். வேற என்ன இருக்க முடியும்.

நீங்க இங்கயே இருங்க, இதோ வந்துடறேன். எங்கயும் போயிடாதீங்க.

இந்தாங்க. பிடிங்க. இது தான் அந்த டியூபு, இது அந்த ரெகுலேட்டர். முதலாளி அடுப்பை எடுத்தப்ப இதை நான் தூக்கிப் போடல. டேஷ்போர்டுலயே வெச்சிருந்தேன், துணியில சுத்தி. பூட்டும் பட்டையும் கூட இருக்கு. பட்டையை ரெண்டு போல்ட்ல முடுக்கிடலாம், ரெகுலேட்டரை மட்டும் கீழ இறக்கிடாதீங்க, மேல, சிலிண்டர் வாய்க்கு ஒரு முழம் மேல. எனக்கு ஒண்ணும் குடுக்க வேணாம். கையை நீட்டுங்க, வேணாம்னு சொல்லாதீங்கண்ணே. அவங்க மத்தியானம் தூங்கறப்ப சத்தமில்லாம நானே வந்து மாட்டித் தரேன்.

என் பேரை மட்டும் சொல்லுங்க, அது போதும். யாரு குடுத்ததுன்னு கேப்பாங்க. ஏகாம்பரம் குடுத்தான், இனிமே அம்மா ஒரு நாளும் கீழ இறங்கி வந்து உக்கார வேண்டியதில்லன்னு சொல்லுங்க. சந்தோஷப்படுவாங்க. என்னை மறுபடி கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க.